ஷீட் கூரையின் கூடுவாய்: வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

எல் வடிவ வீட்டின் மேல் இரும்பு டிரஸ் போட்டுக் கலர் ஷீட் வேய்ந்திருப்பார்கள், அல்லது போர்டிகோவின் கூரை போய்ப் பெரிய கூரையில் முட்டும். அந்த உள்மூலையைப் பற்றி வீடு கட்டுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. அளவுகள் தமிழ்நாட்டில் கிடைக்கும் ஷீட்டுக்கும் இங்கே வேலை நடக்கும் முறைக்கும் ஒத்தவை.

கூடுவாய் என்றால் எது? கொட்டேஷனில் "வேலி" என்று எழுதியிருக்கிறதே, அதுவா?

அதேதான். ஓட்டு வீட்டில் கூடுவாய் என்பார்கள். ஷீட் போடுபவர்கள் "valley", "valley gutter" என்ற ஆங்கிலச் சொற்களை அப்படியே எடுத்து வேலி, வேலி கட்டர் என்கிறார்கள். கட்டர் என்பது தண்ணீர் வடியும் தகட்டு வாய்க்கால். தோட்டத்து வேலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு சரிவுகள் உள்மூலையில் சந்தித்துப் பள்ளமாக இறங்கும் கோடு அது. வெளிமூலையில் சந்தித்தால் மேடாக நிற்கும், தண்ணீர் அதை விட்டு விலகி ஓடும், அங்கே பயமில்லை. கூடுவாயில் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் கோட்டை நோக்கி வருகிறது.

அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஷெட்டுகளுக்கு நடுவே படுக்கையாக ஓடும் கட்டரையும் இதே பெயரில்தான் அழைக்கிறார்கள். அதன் கணக்கு வேறு. அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

கூரையில் மற்ற இடமெல்லாம் சரியாக இருக்க, அங்கே மட்டும் ஏன் ஒழுகுகிறது?

முதலில் தண்ணீரின் அளவைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். இரு பக்கமும் சேர்த்து 500 சதுர அடிக் கூரை, அதாவது சுமார் 46 சதுர மீட்டர், ஒரே கூடுவாயில் வடிகிறது என்று வையுங்கள். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் அந்த ஒரு கோட்டில் மணிக்கு 4,600 லிட்டர் இறங்கும். 15 லிட்டர்க் குடத்தை 12 நொடிக்கு ஒரு தடவை கவிழ்த்துக்கொண்டே இருப்பதற்குச் சமம்.

அடுத்தது வாட்டம், அதாவது சரிவு. கூடுவாய் குறுக்காக இறங்குவதால் கூரைக்குக் கொடுத்த வாட்டம் அதற்குக் கிடைப்பதில்லை. இரண்டு கூரைக்கும் ஒரே வாட்டம், மூலை செங்கோணம் என்றால், கூரை வாட்டத்தை 1.41ஆல் வகுத்தால் வருவதுதான் கூடுவாயின் வாட்டம். கூரைக்கு 10 அடிக்கு 2 அடி கொடுத்தால் கூடுவாய்க்கு 10 அடிக்கு 17 இன்ச். கூரைக்கே 10 அடிக்கு 1 அடிதான் என்றால் கூடுவாய்க்கு எட்டரை இன்ச்தான் மிஞ்சும். அதிகத் தண்ணீர் ஓடும் இடத்தில் வாட்டம் குறைவு.

ஷீட் அங்கே சாய்வாக வெட்டுப்படுகிறது என்பதும் உண்டு. ஷீட்டின் நெளிவில் எழும் ஒவ்வொரு மேட்டின் வாயும் திறந்தபடி நிற்கும்; சாரலுக்கும் அணிலுக்கும் அது வாசல். போதாததற்கு, நம் ஊர் ஷீட் கூரைக்கு அடியில் பலகையோ தார் ஷீட்டோ கிடையாது. பர்லின் என்ற குறுக்குப் பைப், அதன் மேல் ஷீட், அவ்வளவுதான். கோட்டின் நெடுக ஷீட்டுக்கு அடியில் வளைத்துப் போடும் கூடுவாய்த் தகட்டைத் தாண்டிய துளி நேராக வீட்டுக்குள் விழும்.

எப்போது பார்க்க வேண்டும்? வேலை முடிந்த பிறகா?

முடிந்த பிறகு பார்த்தால் பாதிதான் தெரியும். கூடுவாய்த் தகடு போட்டு, ஷீட் ஏற்றுவதற்கு முன்னால் உள்ள அரை நாள்தான் சரியான நேரம். "தகடு வைத்ததும் கூப்பிடுங்கள், பார்த்த பிறகு ஷீட் ஏற்றலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேலே ஏறியதும் பார்க்க வேண்டியவை:

*தாங்கும் பைப்புகள்.* கூடுவாய்க் கோட்டில் முக்கிய ராஃப்டர் (சரிவில் இறங்கும் தாங்கு பைப்) ஒன்று ஓடும், பர்லின்கள் அதில் வந்து சேரும். பல இடங்களில் பர்லினை ஓரடி, ஒன்றரை அடி முன்பே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது ஷீட்டின் வெட்டிய முனை அந்தரத்தில் நிற்கும். மேலே கால் வைத்த அன்றே மடங்கும். கோட்டின் இரு பக்கமும், மையத்திலிருந்து 8 முதல் 9 இன்ச் தள்ளி, கூடுவாயை ஒட்டியே மேலிருந்து கீழ்வரை ஒரு பைப் ஓட வேண்டும். ஷீட்டின் முனை உட்காருவதும் ஸ்க்ரூ இறங்குவதும் அதில்தான்.

*தகட்டின் படுக்கை.* அந்த இரண்டு பைப்புக்கு நடுவே ஓரடிக்கு ஒரு குறுக்குப் பட்டை வேண்டும். இல்லையென்றால் சுத்தம் செய்ய ஏறுபவர் மிதித்த இடத்தில் குழி விழும், குழியில் தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் பூச்சு முதலில் போகும். மேலிருந்து கீழாக நூல் பிடித்துப் பாருங்கள். நூலுக்கும் தகட்டுக்கும் இடைவெளி எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வெல்டிங் பிட்டுகள் தூக்கிக்கொண்டு நின்றால் கிரைண்டரில் தட்டி, ரெட் ஆக்சைடு அடித்த பிறகுதான் தகடு வைக்க வேண்டும்.

*இணைப்பு எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது.* தகடு வளைக்கும் பெண்டிங் கடைகளில் பெரும்பாலும் 8 அல்லது 10 அடி நீளத்துக்குத்தான் வளைக்க முடியும். 18 அடிக் கூடுவாய் என்றால் கட்டாயம் ஓர் இணைப்பு வரும். கீழ்த்துண்டை முதலில் வைத்து, மேல்துண்டு அதன் மேல் ஏறி வர வேண்டும். ஏறும் நீளம் குறைந்தது 8 இன்ச். கூரை வாட்டம் 10 அடிக்கு 1 அடி அல்லது அதற்கும் குறைவு என்றால் 12 இன்ச். மாற்றி வைத்திருந்தால், அதாவது கீழ்த்துண்டு மேலே ஏறியிருந்தால், எந்தப் பசையும் காப்பாற்றாது. இதையெல்லாம் யார் மாற்றி வைப்பார்கள் என்று தோன்றும். மேலிருந்து வேலையை ஆரம்பித்தவர் வைப்பார்.

*பாதுகாப்பு பிலிம்.* தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை வைப்பதற்கு முன்பே முழுக்க உரிக்க வேண்டும். ஷீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட பிலிம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் பட்டால் உரிக்க வராமல் இறுகிவிடும்.

தகடு எவ்வளவு அகலம், எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

வளைப்பதற்கு முன் விரித்த நிலையில் 24 இன்ச். இந்த அளவுக்கு ஒரு காரணம் பட்டறையிலேயே இருக்கிறது: பிளெயின் ஷீட் 4 அடி அகலத்தில் வரும், இரண்டாகக் கிழித்தால் 24 இன்ச். மூன்றாகக் கிழித்தால் 16 இன்ச். மிச்சம் பிடிக்க நினைப்பவர் மூன்றாகக் கிழிப்பார். கொட்டேஷனில் ரன்னிங் ஃபீட் விலை மட்டும் இருந்தால் இந்த வேறுபாடு தெரியாது, ஆகவே விரித்த அகலத்தையும் எழுதி வாங்குங்கள்.

24 இன்ச் என்பது சுமார் 610 மி.மீ. நடுவில் 1 இன்ச் உயர மேடு ஒன்று எழுப்பினால் அதற்கு 50 மி.மீ. போகும். இரண்டு ஓரத்திலும் 15 மி.மீ. மேல்நோக்கித் திருப்பி மடித்தால் 30 போகும். மீதி 530, பக்கத்துக்கு 265. நடுவில் ஓடை திறந்திருக்கப் பக்கத்துக்கு 75 விட்டால், ஷீட் தகட்டின் மேல் 190 மி.மீ., ஏறத்தாழ ஏழரை இன்ச், மூடி நிற்கும். அதே கணக்கை 16 இன்ச்சுக்குப் போட்டால் மூடுவது மூன்றரை இன்ச்தான். ஓடையில் சருகு அடைத்துத் தண்ணீர் கொஞ்சம் பக்கவாட்டில் ஏறினாலும் அந்த ஓரத்தைத் தாண்டிவிடும்.

நடு மேடு அலங்காரமல்ல. ஒரு பக்கக் கூரை பெரிதாகவோ செங்குத்தாகவோ இருந்தால் அங்கிருந்து வேகமாக வரும் தண்ணீர் ஓடையைத் தாண்டி எதிர்ப்பக்க ஷீட்டுக்கு அடியில் நுழையும். அந்த 1 இன்ச் மேடு அதைத் தடுத்துத் திருப்பும். ஓர மடிப்பு கடைசித் தடுப்பு. ஓரத்தை மடிக்காமல் வெட்டியபடி விட்ட தகட்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

தடிமன்: கூரை ஷீட்டைவிடக் குறையக் கூடாது, 0.6 முதல் 0.8 மி.மீ. நல்லது. படுக்கை சரியாக இருந்தால் 0.50 கலர் ஷீட்டும் தாங்கும். கடைக்காரர் சொல்லும் 0.50 பூச்சு சேர்ந்ததா, வெறும் இரும்பா என்று கேளுங்கள். ஏ.இசட். 150 என்ற அலுமினியம்-துத்தநாகப் பூச்சு இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 0.04 மி.மீ. வரும். ஒரு மைக்ரோமீட்டர் இருந்தால் வாக்குவாதம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அலுமினியம்-துத்தநாகப் பூச்சுள்ள கலர் ஷீட்டுக்கு ஐ.எஸ். 15965, வெறும் துத்தநாகம் பூசிய கலர் ஷீட்டுக்கு ஐ.எஸ். 14246 என்பவை இந்தியத் தர எண்கள், காயிலின் அச்சில் அல்லது பில்லில் இதைப் பாருங்கள். கூரைக்கு ஒரு வகை வாங்கிவிட்டுக் கூடுவாய்க்கு மட்டும் மூலையில் கிடந்த ஜி.ஐ. தகட்டை வளைத்துப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. கடற்கரை ஊர்களில் அந்தத் தகடுதான் முதலில் துருப்பிடிக்கும்.

ஷீட் போட்டாகிவிட்டது. ஏணியில் நின்று பார்த்தாலே தெரியும் அடையாளம் உண்டா?

உண்டு. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை அது ஒரே நேர்கோடாக ஓட வேண்டும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு பல் என்று ரம்பம் போல இருந்தால், தரையில் வைத்து எல்லா ஷீட்டையும் 45 டிகிரியில் வெட்டி ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலிருந்து வரைபடமாகப் பார்த்தால் கோடு 45 டிகிரிதான். ஆனால் ஷீட் சரிவில் படுத்திருக்கிறது, அதனால் வெட்டு கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டும். வாட்டம் 10 அடிக்கு 2 அடி என்றால் ஒரு மீட்டர் அகலத்துக்கு 20 மி.மீ. வித்தியாசம், 10 அடிக்கு 3 அடி என்றால் 44 மி.மீ. தெரிந்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டு வெட்டுவார்கள், அல்லது ஷீட்டை இடத்தில் வைத்து நூல் அடித்துக் கோடு போட்ட பிறகு கழற்றி வெட்டுவார்கள். ரம்பப் பல் பார்ப்பதற்கு அசிங்கம் என்பதோடு நிற்பதில்லை. பல்லின் உள்வாங்கிய முனையில் ஷீட் தகட்டை மூடும் அளவு அதற்கேற்பக் குறைந்துபோகும்.

இரண்டு ஓரத்துக்கும் நடுவே திறந்திருக்கும் ஓடை 6 இன்ச் இருக்கட்டும், 4 இன்ச்சுக்குக் குறைய வேண்டாம். சிலர் "தண்ணீர் உள்ளே போகாது" என்று இரண்டு ஷீட்டையும் கிட்டத்தட்ட ஒட்டவைத்து விடுகிறார்கள். பார்க்க நறுக்கென்று இருக்கும். வேப்பம்பூ உதிரும் பருவம் வந்தால் அந்த ஒரு இன்ச் இடுக்கு மூடிக்கொள்ளும். கையும் துடைப்பமும் நுழையாது.

ஸ்க்ரூ எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது?

திறந்த ஓடையில் ஒன்று கூட இருக்கக் கூடாது. தகட்டை உட்காரவைக்க நடுவில் இரண்டு ஸ்க்ரூ அடித்து, மேலே பேஸ்ட் தடவியிருந்தால் தகட்டை மாற்றச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. தகட்டை ஓர மடிப்பில் கொக்கி போல மாட்டும் சிறு பட்டைக் கிளிப்புகளால், 2 அடிக்கு ஒன்று வீதம், பிடிக்க வேண்டும். அப்போது வெயிலில் அது நீளும்போது நகர இடம் இருக்கும். 6 மீட்டர் இரும்புத் தகடு 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 3 மி.மீ. நீளும், அலுமினியம் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரு முனையையும் இறுக்கிவிட்டால் நடுவில் புடைக்கும்.

ஷீட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ, தகட்டின் வெளி ஓரத்திலிருந்து 2 இன்ச் உள்ளே, மேட்டின் தலையில், அடியில் ஓடும் பைப்பில் இறங்க வேண்டும். வெட்டிய ஓரத்தை ஒட்டி இறங்கினால் தண்ணீர் ஓடும் இடத்தில் ஓட்டை போட்டதாகிவிடும். ஸ்க்ரூவின் ஈ.பி.டி.எம். (ரப்பர்) வாஷரையும் பாருங்கள்: மேல் வாஷரின் ஓரம்வரை ரப்பர் லேசாகப் பிதுங்கி நின்றால் சரி. ரப்பர் முழுக்கப் பிதுங்கித் தொங்கினால் அதிகம் இறுக்கியது, வெயிலில் சீக்கிரம் வெடிக்கும். கையால் சுற்ற வந்தால் பைப்பைத் தவறவிட்ட ஸ்க்ரூ; உள்ளிருந்து பார்த்தால் அதன் கூர்முனை பைப்புக்குப் பக்கத்தில் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

கட்டிங் வீலால் வெட்டினார்கள். அது தவறா?

தவறுதான், ஆனால் எல்லோரும் செய்கிறார்கள். வீலின் சூட்டில் வெட்டு ஓரத்தின் பெயிண்டும் பூச்சும் கருகிவிடும். அதைவிட மோசம் தெறிக்கும் பொறி: சுடச்சுட இரும்புத் துகள்கள் ஷீட்டின் மேல் விழுந்து பெயிண்டில் பதிந்துகொள்ளும். முதல் மழைக்குப் பிறகு கூரையில் மிளகு தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் காரணம் இதுதான். தண்ணீர் அந்தத் துகள்களையெல்லாம் கூடுவாய்க்குத்தான் அடித்துக்கொண்டு வரும். நிப்ளர் (தகட்டைக் கடித்து வெட்டும் கருவி) அல்லது கைக்கத்தரியால் வெட்டுவது சரியான முறை. வீல்தான் உண்டு என்றால் தரையில், மற்ற ஷீட்டுகளை விட்டுத் தள்ளி, வர்ணப் பக்கம் கீழே இருக்க வெட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ இறக்கும்போது வரும் சுருள்களையும் அன்று மாலையே மென்மையான துடைப்பத்தால் பெருக்க வேண்டும், மறுநாள் அல்ல.

இணைப்பெல்லாம் சிலிக்கான் அடித்துவிட்டோம், பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்கிறாரே?

பார்வைக்குத் தெரியும் இடத்தில் எவ்வளவு சிலிக்கான் இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். நல்ல கூடுவாய் பசை இல்லாமலே ஒழுகாது: மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் ஏறியிருக்கும், ஷீட் தகட்டைப் போதிய அளவு மூடியிருக்கும், தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கிப் போகும். பசை இருக்க வேண்டியது இரண்டு தகடுகளுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அங்கேகூட பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) இரண்டு வரிசை ஒட்டுவது சிலிக்கானைவிட நம்பகமானது. வெளியே பூசிய சிலிக்கான் வெயிலிலும் தகட்டின் அசைவிலும் ஒரு பக்கம் விட்டுக்கொடுக்கும். பிறகு அந்த இடுக்கு உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்.

அடிக்கும்போது வினிகர் வாடை வந்தால் அது அமிலம் விடும் வகை. கண்ணாடிக்கும் பாத்ரூமுக்கும் ஆனது, துத்தநாகப் பூச்சை அரிக்கும். ஷீட்டுக்கு வாடை இல்லாத நியூட்ரல் வகைதான். கூடவே இன்னொன்று: சுவரை ஒட்டிய இடத்தில் ஷீட்டின் மேலேயே சிமெண்ட் பூசி "பேக்" பண்ணுவது. ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியம் கலந்த பூச்சைத் தின்றுவிடும். காய்ந்த பிறகு விரிசலும் விடும். அங்கே தகட்டை வளைத்துச் சுவரில் காடி வெட்டிச் சொருக வேண்டும். ஏ.சி.யின் தண்ணீர்க் குழாயையும் கூடுவாய் மேல் விடாதீர்கள். உள்ளே செம்புக் குழாயில் குளிர்ந்து சொட்டும் தண்ணீர் நாள் முழுக்க ஒரே தடத்தில் ஓடினால் அந்தத் தடம் மட்டும் அரித்துப்போகும்.

ஃபோம் பில்லர் அவசியமா?

சாரல் அடிக்கும் ஊரில் அவசியம். வெட்டிய ஷீட்டின் ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் ஒரு வாய் திறந்திருக்கும். ஷீட்டின் வடிவத்துக்கே வெட்டி வரும் ஃபோம் பட்டையை, கூடுவாயின் சாய்வுக்கு ஏற்ப நீட்டிச் சேர்த்து, வெட்டு ஓரத்திலிருந்து 2 இன்ச் உள்ளே வைக்க வேண்டும். ஓரத்திலேயே வைத்தால் வெயிலில் பொடிந்துவிடும். கிடைக்கவில்லை என்று பஞ்சையோ பழைய சாக்கையோ திணிப்பதைவிடத் திறந்தே விடலாம். ஈரம் பிடித்த சாக்கு தகட்டை ஒரே வருஷத்தில் கெடுக்கும்.

மேல் முனையிலும் கீழ் முனையிலும் என்ன பார்க்க வேண்டும்?

ஒழுகலில் பெரும்பகுதி இந்த இரண்டு முனைகளில்தான். அதிலும் போர்டிகோ முகடு பெரிய கூரையின் நடுச்சரிவில் போய் முட்டும் அமைப்பு மிகச் சிக்கலானது. அங்கே இரண்டு பக்கக் கூடுவாயும் ஒரு புள்ளியில் சேர்கின்றன. பெரிய கூரையின் ஷீட் இரண்டு தகடுகளின் மேல்முனையையும் குறைந்தது 8 இன்ச் மூடி வர வேண்டும், அதாவது தகடு ஷீட்டுக்கு அடியில் போக வேண்டும். பெரிய கூரை ஏற்கெனவே இருந்து, போர்டிகோவைப் பிறகு சேர்த்தவர்கள், ஷீட்டைக் கழற்றச் சோம்பல்பட்டுத் தகட்டை ஷீட்டின் மேலேயே வைத்து ஸ்க்ரூ அடித்துப் பேஸ்ட் பூசிவிடுகிறார்கள். மேலிருந்து ஷீட்டின் பள்ளத்தில் வரும் தண்ணீர் அந்த ஓரத்தில் முட்டி அடியில் புகும். இதைச் சரிசெய்ய ஒரே வழி, மேல் ஷீட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றித் தகட்டை உள்ளே சொருகுவதுதான்.

இரண்டு கூரையும் ஒரே உயர முகட்டில் சந்தித்தால் வேலை எளிது. தகட்டின் மேல்முனை 1 இன்ச் மேல்நோக்கி மடிந்து, முகட்டுத் தகட்டுக்கு அடியில் 6 இன்ச் போயிருந்தால் போதும்.

கீழ்முனை கட்டருக்குள் 2 இன்ச் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுவரின் மேலேயே முடிந்தால் தண்ணீர் பின்னால் திரும்பிச் சுவரில் இறங்கும். கட்டரின் உள்மூலையில், கூடுவாய்க்கு நேர் எதிரே, 4 முதல் 6 இன்ச் உயரத்தில் ஒரு தடுப்புத் தகடு இருக்கிறதா பாருங்கள். வேகமாக வரும் தண்ணீர் கட்டரைத் தாண்டிப் பாய்ந்து கீழ்வீட்டுக்காரர் சுவரை நனைப்பது அது இல்லாததால்தான். இறங்கு குழாய் அந்த மூலையிலேயே இருந்தால் நல்லது, 110 மி.மீ. பி.வி.சி. போடுங்கள், 75 போதாது.

இரண்டு ஷெட்டுக்கு நடுவே படுக்கையாக ஓடும் கட்டருக்கும் இதே அளவுகளா?

இல்லை. அதில் வாட்டமே கட்டருக்கென்று தனியாகக் கொடுப்பதுதான்: மீட்டருக்குக் குறைந்தது 5 மி.மீ., ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம். ஆள் நடந்து சுத்தம் செய்யும் அகலம், 12 இன்ச்சுக்குக் குறையாமல். தடிமன் 1.2 மி.மீ. அல்லது மேல். இரு பக்க ஷீட்டும் கட்டருக்குள் 2 முதல் 3 இன்ச் நீட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், நிரம்பினால் தண்ணீர் வெளியே போக ஒரு வழி. வீட்டோரக் கட்டர் நிரம்பினால் வாசலில் கொட்டும். இது நிரம்பினால் சரக்கின் மேல் கொட்டும். இரண்டு முனைத் தகட்டிலும் ஷீட்டின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு திறப்பு வெட்டி வைக்கச் சொல்லுங்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட நாளில் குழாய் ஒன்று அடைத்தாலும் அந்தத் திறப்புதான் ஷெட்டைக் காக்கும்.

தண்ணீர் விட்டுச் சோதிப்பது எப்படி?

ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன் செய்யுங்கள். பகலில் உள்ளே நின்று விளக்கையெல்லாம் அணைத்து மேலே பாருங்கள். கூடுவாய்க் கோட்டில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தைச் சாக்பீஸில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் ஹோஸுடன் மேலே, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே.

எப்போதும் கீழிருந்து ஆரம்பியுங்கள். கீழ்முனையில் 10 நிமிடம் தண்ணீர் ஓட விடுங்கள், உள்ளே எதுவும் இல்லையென்றால் 3 அடி மேலே போங்கள், மறுபடி 10 நிமிடம். முதலிலேயே உச்சியில் விட்டால் எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஹோஸை ஷீட்டின் மேல் வைத்து, தண்ணீர் இயல்பாக ஓடையில் இறங்கும்படி விடுங்கள். நாசிலை மேல்நோக்கி வெட்டு ஓரத்துக்குள் பீய்ச்சினால் எந்தக் கூரையும் ஒழுகும். அதை வைத்து வேலைக்காரரிடம் சண்டை போட முடியாது. இணைப்பு வந்த இடத்திலும் மேல்முனையிலும் மட்டும் கூடுதலாக 5 நிமிடம் கொடுங்கள். கடைசியில் ஓடையின் கீழ்முனையைக் களிமண்ணால் அடைத்து, 1 இன்ச் தண்ணீர் நிற்கவைத்துப் பாருங்கள். சருகு அடைத்த நாளில் நடப்பது அதுதான். அடைப்பை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டு அரை மணி கழித்து ஓடையில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய தேக்கம் நின்றால் அங்கே வாட்டமோ படுக்கையோ தவறு.

ஏற்கெனவே ஒழுகுகிறது. எங்கிருந்து என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சொட்டும் இடம் ஓட்டை இருக்கும் இடமாக இருப்பது அபூர்வம். உள்ளே புகுந்த தண்ணீர், தாங்கும் பைப்பின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சில அடி கீழே வந்து, வெல்டிங் மேட்டில் தடுக்கிச் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தடத்தைப் பின்தொடருங்கள். எப்போது ஒழுகுகிறது என்பதே பாதி விடை. சின்னத் தூறலிலேயே வந்தால் ஓடையில் ஸ்க்ரூ ஓட்டை, அல்லது இணைப்பு தலைகீழ். பெருமழையில் மட்டும் வந்தால் தகட்டின் அகலம் போதவில்லை, அல்லது அடைப்பு. காற்றோடு மழை வரும்போது மட்டும், அதுவும் ஒரு திசைக் காற்றுக்கு என்றால் மேட்டின் வாய்கள். மழையே இல்லாமல் விடியற்காலையில் சொட்டினால் அது ஒழுகல் அல்ல, ஷீட்டின் அடியில் வேர்ப்பது; ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இதை ஒழுகல் என்று நினைத்துக் கூடுவாயைப் பிரித்தவர்கள் உண்டு.

எதைச் சரிசெய்யச் சொல்லலாம், எதைப் பிரித்துப் போடச் சொல்ல வேண்டும்?

ஃபோம் விட்டுப்போனது, அதிகம் இறுக்கிய ஸ்க்ரூ, தடுப்புத் தகடு இல்லாதது, கிளிப் குறைந்தது, ஓடை குறுகலாக இருப்பது ஆகியவற்றை நின்ற நிலையிலேயே திருத்தலாம். குறுகலான ஓடையை நூல் அடித்து நிப்ளரால் அகலப்படுத்தலாம், தகடு 24 இன்ச்சாக இருந்தால். தலைகீழான இணைப்பு, ஓடையில் ஓட்டை, 16 இன்ச் தகடு, ஷீட்டின் மேல் முடியும் மேல்முனை, தாங்கும் பைப் இல்லாதது ஆகிய ஐந்துக்கும் ஷீட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இரு பக்கமும் ஓரத்து ஷீட்டுகளை மட்டும் கழற்றினால் போதும், மொத்தக் கூரையையும் அல்ல. கழற்றிய ஷீட்டைத் திரும்பப் போடும்போது பழைய ஓட்டையில் ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூவும் புது வாஷரும் வேண்டும்.

தார் டேப் ஒட்டித் தருகிறேன் என்றால் ஒரு மழைக்காலத்தை ஓட்டுவதற்கு மட்டும் சம்மதியுங்கள். வெயில் காலத்தில் அது இளகி ஓரம் தூக்கும். பிறகு பிரித்துப் போடும் நாளில் அந்தத் தாரைச் சுரண்டி எடுப்பது தனி வேலை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

மரம் இல்லாத இடத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை: மே கடைசியில் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் கடைசியில் ஒன்று. வேம்போ புங்கையோ தென்னையோ மேலே கவிந்திருந்தால் மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை. தென்னங்குரும்பை ஒன்று கீழ்முனையில் மாட்டினால் அதன் பின்னால் சருகு தானாகச் சேர்ந்து அணை கட்டிவிடும். மண்வெட்டியும் இரும்புக் கரண்டியும் வேண்டாம். தென்னந்துடைப்பமும் ஹோஸும் போதும். ஏறுபவர் ஓடையின் நடு மேட்டை மிதிக்காமல், ஷீட்டின் பள்ளத்தில், பர்லின் ஸ்க்ரூ தெரியும் வரிசையில் கால் வைத்து நடக்கட்டும்.